முதல்முறை விளையாட வரும் குட்டி விருந்தாளி

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. பக்கத்து ஃபிளாட் குழந்தையை ஞாயிற்றுக்கிழமை விளையாடக் கூப்பிட்டிருக்கிறேன். இவளோ தன் பொம்மையை யாராவது தொட்டாலே அழுகிறாள். எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அழட்டும், பயப்படாதீர்கள். இந்த வயதில் ‘என்னுது’ என்று பிடித்துக்கொள்வது இயல்புதான், அதற்காகத் தயவுசெய்து அடுத்தவர் முன்னால் திட்டிவிடாதீர்கள். அந்தக் குழந்தை வருவதற்கு முன்பே, எதையெல்லாம் கொடுக்க மனசில்லை என்று இவளிடமே கேட்டு, அந்தப் பொம்மைகளை அவள் கையாலேயே பீரோவுக்குள் வைக்கச் சொல்லுங்கள். வெளியே இருப்பதெல்லாம் இரண்டு பேருக்கும் பொது. ஆளுக்கொரு உருண்டை சப்பாத்தி மாவு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி கொடுத்துத் தரையில் உட்காரவைத்துப் பாருங்கள், சண்டைக்கு வேலையே இருக்காது.

இருவரும் பேசாமல் தனித்தனியே விளையாடினால் சேர்த்துவைக்கப் பாடுபடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவதும் குழந்தை வளர்ச்சியில் ஒரு கட்டம் என்று அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே எழுதியிருக்கிறார்.

ஒன்றரை மணி நேரம் தாராளம், தூக்க நேரத்தில் மட்டும் வேண்டாம். முதல் தடவை என்பதால் அந்தக் குழந்தையின் அம்மாவையும் இருக்கச் சொல்லுங்கள், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழு வேர்க்கடலை கூடவே கூடாது, தொண்டையில் சிக்கிவிடும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தர வேண்டும். அப்புறம், பாத்ரூம் வாளியில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டு, பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள்.