ஜெர்மனி செல்லும் மாணவருக்கு மலிவான தனியார் மருத்துவக் காப்பீடு போதுமா?

மகன் அக்டோபரில் முதுநிலைப் படிப்புக்கு ஜெர்மனி செல்கிறான், அங்குள்ள பொது மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 145 யூரோ அளவில் ஆகிறது, கோவை ஆலோசகர் ஒருவர் 35 யூரோவுக்குத் தனியார் காப்பீடு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார், அதுவே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோவைக் கட்டிவிட்டு நிற்கும் வீட்டில், மாதம் நூறு யூரோ மிச்சம் என்று ஒருவர் சொன்னால் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். 2013இல் எங்கள் வீட்டிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

எங்கள் ஊர் சோமனூருக்குப் பக்கம். வீட்டை ஒட்டிய கூடத்தில் நான்கு விசைத்தறிகளைப் போட்டு, பாவும் ஊடை நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பது அப்பாவின் தொழில். பஞ்சுத் தூசியில் வளர்ந்த எனக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. டிரெஸ்டனில் ஜவுளிப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது, எங்கள் ஆலோசகர் கொடுத்த காப்பீட்டுப் படிவத்தில், மூச்சு தொடர்பான நோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. “இல்லைன்னு போட்டுருங்க அம்மணி, ஆமான்னு போட்டா பணம் ஏறிப் போகும்” என்றார். போட்டேன். கூடவே, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்கும் விண்ணப்பத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அது என்ன தாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் அன்று மாதம் 80 யூரோவுக்குள்தான் இருந்தது.

2014 ஜனவரியில், கடுங்குளிரில் விடுதிப் படிகளில் ஏறும்போது மூச்சு அடைத்து, பக்கத்து அறைப் பெண் ஆம்புலன்ஸை அழைக்கும்படி ஆயிற்று. மூன்று இரவுகள் மருத்துவமனையில் இருந்தேன். தனியார் காப்பீட்டில் பெரும்பாலும் நாமே முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். நான் ரசீதை அனுப்பினேன். நிறுவனமோ பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டது. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: நோயை மறைத்ததால் பணம் கிடையாது, காப்பீடும் ரத்து. ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் என் தலையில் விழுந்தது.

அப்பா இரண்டே வாரத்தில் பணம் அனுப்பினார். எப்படிப் புரட்டினார் என்று சொல்லவில்லை. அவர் எப்போதும் தறிக்கூடத்தில் இருந்துதான் பேசுவார். நான்கு தறிகளின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவது எங்களுக்குப் பழக்கம். அன்று அவர் கத்தாமலே எனக்குக் கேட்டது. “ஏனுங்கப்பா, தறி ஓடலீங்களா?” என்றேன். “பாவு தீந்துருச்சு சாமி, நாளைக்குப் பிணைக்கோணும்” என்றார். அடுத்த வாரமும் அதே அளவு சத்தம்தான் கேட்டது. இரண்டு தறிகளை விற்றுவிட்டார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பொய் எழுதியது என் தவறுதானே என்று கேட்பவர்களுக்கு, ஆம், என் தவறுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொதுக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் பொய்க்கே இடமிருந்திருக்காது. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவரை, அவருக்கு ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி அவர்கள் தள்ள முடியாது. கட்டணமும் நோயைப் பார்த்து ஏறுவதில்லை. அட்டையைக் காட்டினால் மருத்துவமனை நேராகக் காப்பீட்டு நிறுவனத்திடமே பணம் வாங்கிக்கொள்ளும்; நம் பங்கு நாளொன்றுக்கு 10 யூரோ, மருந்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ.

என்னை அதிகம் வருத்தியது அந்த விலக்குத் தாள்தான். பொதுக் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மையார் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, படிப்பு தொடங்கிய மூன்று மாதத்துக்குள் கேட்டுப் பெறும் விலக்கைப் பிறகு திரும்பப் பெற முடியாது, இந்தப் படிப்பு முடியும்வரை அது நீடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். இளைப்புக்குப் பணம் தராத இன்னொரு தனியார் காப்பீட்டோடு மீதிப் படிப்பை ஓட்டினேன்; இன்ஹேலரை என் காசில் வாங்கினேன்.

2016இல் ஆய்வுப் பணிக்கு ஒப்பந்தம் கிடைத்தபோதுதான் கதவு திறந்தது. சம்பளம் வாங்கும் பணியாளர் என்ற முறையில் பொதுக் காப்பீடு எனக்குக் கட்டாயமாயிற்று. முதல் மாதச் சம்பளச் சீட்டில் மருத்துவம், முதுமைப் பராமரிப்பு, ஓய்வூதியம், வேலையின்மை என நான்கு பிடித்தங்கள் இருந்தன. பிடித்தத்தைப் பார்த்து மகிழ்ந்தவள் அந்தத் துறையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓய்வூதியச் சந்தா இப்போது சம்பளத்தில் 18.6 விழுக்காடு, பாதி நம்முடையது, பாதி பல்கலைக்கழகத்தினுடையது. உடன் ஆய்வு செய்த தோழிக்கு உதவித்தொகை. கைக்கு வந்த பணம் பிடித்தமின்றி வந்தது, ஆனால் காப்பீட்டை முழுக்க அவளே கட்டினாள், அந்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் சேரவில்லை. உங்கள் மகன் பின்னாளில் ஆய்வுக்குப் போனால் உதவித்தொகையா, பணி ஒப்பந்தமா என்பதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு உடன்பாடு 2017 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஓய்வூதியம் பெறத் தேவையான ஐந்தாண்டுத் தகுதிக் காலத்துக்கு இரு நாட்டுச் சந்தா ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே நான்கு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு அது வீணாகாத சேமிப்பு.

தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் மருத்துவக் காப்பீட்டை ஜெர்மனி 1883இலேயே சட்டமாக்கியது. எங்கள் பக்கம் பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் தறிக்கூடங்களுக்கு ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இன்றும் கட்டாயமில்லை. இருமிக்கொண்டே தறி ஓட்டும் சித்தப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஆறவில்லை.

தனியார் காப்பீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதைக் கடந்து படிக்கச் செல்பவர்களுக்கும், மொழி வகுப்பில் மட்டும் சேர்பவர்களுக்கும் பெரும்பாலும் அதுதான் வழி. விமானம் ஏறும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் நாள்வரைக்கும் உங்கள் மகனுக்கு ஒரு பயணக் காப்பீடு வேண்டும். அதற்கு மட்டும் ஆலோசகரிடம் போங்கள். விலக்கு விண்ணப்பத்தை அவர் நீட்டினால், கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடச் சொல்லுங்கள்.