‘ம’வில் இடறும் பெருவிரல்

கேள்வி: சின்ன வயதில் பஜனை மடத்தில் ஆர்மோனியம் பழகினேன். இப்போது 46 வயதில் பியானோ கற்கிறேன், டீச்சர். 61 கட்டை கீபோர்டை டைனிங் டேபிள் மேல் வைத்து வாசிக்கிறேன். நடுவில் உள்ள மூன்று விரல்களும் ஓடுகின்றன. பெருவிரலும் சுண்டுவிரலும் அந்தரத்தில் நிற்கின்றன. சி மேஜர் ஸ்கேலில் நாலாவது சுரம் வந்தால் கை துள்ளுகிறது. ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசைத் துண்டில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விரல் விழுகிறது. ஆர்மோனியம் என் கையைக் கெடுத்துவிட்டதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கெடுக்கவே இல்லை அம்மா. உங்களுக்குச் சுரம் காதில் நிற்கிறது. அது இல்லாமல் வருகிறவர்களுக்குத்தான் நான் அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது. பெருவிரலை ஒதுக்கி வாசிப்பதும் உங்களோடு பிறந்த குறை இல்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாஹ், அதாவது பெரிய பாஹ், இளவயதில் கேட்ட மேதைகளே, விரல்களை அகல விரிக்க வேண்டிய இடத்தில் மட்டும்தான் பெருவிரலைத் தொட்டார்களாம். அவர் சொன்னதாக அவருடைய மகன் சி.பி.ஈ. பாஹ் 1753-இல் எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் அந்த டேபிளைக் கவனியுங்கள். பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து ஏறக்குறைய 73 செ.மீ. உயரத்தில் இருக்கும். டைனிங் டேபிளே 75 செ.மீ. வரும், அதன் மேல் கீபோர்டு வேறு. முழங்கை கீழே தொங்கும், மணிக்கட்டு மடங்கும், பெருவிரல் கட்டையின் விளிம்பிலிருந்து நழுவி விழும். அப்புறம் எந்தப் பயிற்சியும் பலிக்காது. ஜமுக்காளத்தை நாலாக மடித்து நாற்காலியில் போட்டு உட்காருங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வந்தால் போதும்.

இனி ஸ்கேல். சி மேஜர் நம் சங்கராபரணம்தான். பெருவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணினால், வலது கைக்கு ச ரி க என்பது 1 2 3. ம-வில் பெருவிரல் திரும்ப வரும், அங்கிருந்து ம ப த நி ச 1 2 3 4 5. உங்கள் கை துள்ளுவது சரியாக இந்த ‘ம’வில். காரணம், க வாசித்து முடிக்கும் வரை பெருவிரல் ச-விலேயே தூங்குகிறது. பிறகு அவசரமாக ஓடுகிறது, முழங்கையையும் இழுத்துக்கொண்டு. ‘ரி’யை அழுத்தும்போதே பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் கிளம்பிவிட வேண்டும். ‘க’ ஒலிக்கும்போது அது ‘ம’வின் மேல் காத்திருக்க வேண்டும். முழு ஸ்கேலை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். ரி க ம, ம க ரி, இவ்வளவே, ஆமை வேகத்தில். இறங்கும்போது ம-வில் பெருவிரல் நிற்க, நடுவிரல் அதைத் தாண்டி க-வுக்குப் போகும்.

இடது கைக்குத் தனிப் பொறுமை வேண்டும், அது இத்தனை நாள் துருத்தி போட்ட கை. அதற்கு ச முதல் ப வரை 5 4 3 2 1, பிறகு த நி ச 3 2 1.

எஃப் மேஜருக்குப் போனால் எஃப்-தான் ‘ச’. அப்போது வலது கையில் ‘ம’ கருப்புக் கட்டையில் விழும். குட்டையான பெருவிரலை அங்கே வைத்தால் கை முழுக்க உள்ளே போக வேண்டியிருக்கும். அதனால்தான் அங்கே 1 2 3 4 வாசித்து, பெருவிரலை ‘ப’வில் வைக்கிறோம். நீள விரலுக்குக் கருப்பு, பெருவிரலுக்கு வெள்ளை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி ஸ்கேல்களுக்கு விரல் தானே வரும். பியானோ மேதை ஷோபன் தன் மாணவர்களுக்கு முதலில் கற்பித்தது சி மேஜரை அல்ல, ஐந்து கருப்புக் கட்டைகள் உள்ள பி மேஜரை. படிக்கக் கடினம், கைக்கோ சுகம். நீங்களும் தொட்டுப் பாருங்கள்.

மினுவெட்டில் எல்லாச் சுரத்துக்கும் எண் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அழித்துவிடுங்கள். எண்ணைப் படிக்கிற கண் சுரத்தைப் படிக்காது. கை இடம் மாறும் இடத்தில் மட்டும் பென்சிலால் எழுதுங்கள். தொடக்கத்தில் டி-க்கு 5, அடுத்த ஜி-க்கு 1, மூன்றாவது பாரின் (தாளக் கட்டத்தின்) ஈ-க்கு 3. இடையில் உள்ளவை தாமாக விழும். அச்சில் உள்ள எண் உங்கள் சிறிய கைக்கு ஒத்துவராவிட்டால் மாற்றலாம், தவறே இல்லை. ஆனால் மாற்றியதை எழுதி, நாளைக்கும் அதே விரலில் வாசியுங்கள். திங்களன்று 3, செவ்வாயன்று 2 என்றால் கை எதைத்தான் மனப்பாடம் செய்யும்?

கேள்வி: ஆறு வயது மகனுக்காகக் கட்டைகளின் மேல் 1 முதல் 5 வரை விரல் எண் ஸ்டிக்கர் ஒட்டலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். விரல் எண் கட்டைக்குச் சொந்தம் இல்லை. ‘1 என்றால் சி’ என்று குழந்தை நம்பிவிட்டால், ஜி-யில் தொடங்கும் முதல் பாட்டிலேயே குழம்பி அழும். அவன் இரண்டு கைகளையும் தாளில் வைத்து வரைந்து, விரல்களில் எண் எழுதி, கீபோர்டுக்கு எதிரே சுவரில் ஒட்டுங்கள். நகம் வெட்டிவிட்டு உட்கார வையுங்கள்.