மெஷ் போட்டும் மலை ஏறவில்லையே!
வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் நிலமேடு சம்பந்தப்பட்ட கேள்விகள் மட்டும். மெஷ் என்பது கணினி விமான விளையாட்டில் நிலத்தின் மேடுபள்ளத்தைத் தரும் உயரக் கட்டங்கள்; கட்டம் சிறியதானால் மலை கூர்மையாகும். பெரும்பாலானவை எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) பற்றியவை. கடைசி ஒன்று எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் பற்றியது.

கேள்வி: எஃப்எஸ்எக்ஸில் நேபாளத்துக்கு 19 மீட்டர் மெஷ் வாங்கிப் போட்டேன். எவரெஸ்ட் பக்கம் பறந்தால் மலைகள் பழையபடி மொழுமொழுவென்றே இருக்கின்றன. என்ன தப்பு?

பதில்: முதலில் ஸ்லைடரைப் பாருங்கள். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, சீனரி என்று போனால் ‘மெஷ் ரெசல்யூஷன்’ இருக்கும். அது 38 மீட்டரில் நின்றால் உங்கள் 19 மீட்டர் ஃபைல் ஹார்ட் டிஸ்கில் சும்மா தூங்கும். செட்டிங்ஸ் எல்லாம் எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு: மெஷ் ரெசல்யூஷன் வரியில் 20 என்றால் 38 மீட்டர், 21 என்றால் 19, 22 என்றால் 10, 23 என்றால் 5. பக்கத்திலேயே இருக்கும் ‘மெஷ் காம்ப்ளெக்சிட்டி’யை 100-க்குத் தள்ளுங்கள். அது குறைவாக இருந்தால் முகடுகளின் கூர்மை போய்விடும்.

ஸ்லைடர் சரியென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சீனரி லைப்ரரி, அதாவது நீங்கள் சேர்த்த சீனரிகளின் பட்டியல். ‘சீனரி’ என்ற உள் ஃபோல்டரை அல்ல, அதற்கு மேலே உள்ள தாய் ஃபோல்டரைத்தான் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 7 முதல் இதில் ஒரு வினோதம் உண்டு: ஓகே அழுத்தினால் ஃபோல்டர் சேராமல், அதன் உள்ளே போய் நிற்கும். அப்போது பெட்டியின் வெள்ளைப் பகுதியில் ஒரு கிளிக் செய்யுங்கள், சேர்ந்துவிடும். வெறும் மெஷ்ஷுக்கு டெக்ஸ்சர் ஃபோல்டர் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகமென்றால், ஒரு முகட்டின் எதிரே விமானத்தை நிறுத்தி ஃபிளைட்டை சேவ் செய்யுங்கள். லைப்ரரியில் மெஷ்ஷின் டிக்கை எடுத்துவிட்டு அதே ஃபிளைட்டைத் திறந்து பாருங்கள். முகடு கொஞ்சமும் மாறவில்லை என்றால் மெஷ் லோடே ஆகவில்லை. லோட் ஆகியும் வித்தியாசம் சொற்பம்தான் என்றால், குறை விற்ற பொருளில் இருக்கலாம். இமயமலை மெஷ் பலவற்றுக்கும் மூலம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் எடுத்த எஸ்ஆர்டிஎம் ரேடார் அளவுகள். அதன் நுட்பமான பதிப்பு 1 ஆர்க்-செகண்ட், அதாவது ஏறக்குறைய 30 மீட்டர். பழைய பதிப்பு 90 மீட்டர். 90 மீட்டர் தரவை 19 மீட்டர் கட்டங்களாக நறுக்கினால் ஃபைல்தான் பெருக்கும், மலை பெருக்காது. அட்டையில் போட்ட எண்ணை விட்டுவிட்டு, மூலத் தரவு எது என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மெஷ்ஷை லைப்ரரியில் மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

பதில்: விமான நிலையங்களுக்குக் கீழே வையுங்கள், போதும். எஃப்எஸ்எக்ஸில் நுட்பம் அதிகமான மெஷ், பட்டியலில் எங்கே இருந்தாலும் ஜெயிக்கும். இரண்டும் ஒரே நுட்பம் என்றால்தான் வரிசை கணக்கில் வரும். இதில் ஒரு கண்ணி உண்டு. மேலே சொன்ன ‘நறுக்கிய’ 19 மீட்டர் மெஷ், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல 38 மீட்டர் மெஷ்ஷை மறைத்துவிடும். ஒரே பகுதிக்கு இரண்டு மெஷ் வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கேள்வி: புது மெஷ் வந்தபின் நேபாள மலைச்சரிவிலுள்ள லுக்லா விமான நிலையத்தின் ஓடுபாதை மேடை கட்டியதுபோல் நிற்கிறது. ஒரு முனை மண்ணுக்குள், மறு முனை அந்தரத்தில். மெஷ் பழுதா?

பதில்: மெஷ் சரி. சரியாக இருப்பதால்தான் இந்தக் கோலம். எஃப்எஸ்எக்ஸின் சாதாரண ஓடுபாதை முழுக்கச் சமதளம். ஒரே உயரம்தான் அதற்குத் தெரியும். நிஜ லுக்லாவில் ஓடுபாதை 527 மீட்டர் நீளம், சாய்வு சுமார் 11.7 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: இரு முனைகளுக்கும் இடையே 60 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம், கிட்டத்தட்ட இருபது மாடி! நடுப்பகுதியின் உயரத்தில் ஒரு பலகையை வைத்தால் ஒரு பக்கம் 30 மீட்டர் புதையும், மறு பக்கம் 30 மீட்டர் தொங்கும். பழைய மெஷ் மலையையே மழுக்கி வைத்திருந்ததால் இது கண்ணில் படவில்லை.

லுக்லாவுக்கு ஒரே தீர்வு, சாய்வோடு வடிவமைத்த தனி விமான நிலைய ஆட்-ஆன். எந்த மெஷ்ஷுக்காகச் செய்தது என்று அதன் கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.

மற்ற இடங்களில் நிலையம் ஐந்து பத்து மீட்டர் பள்ளத்தில் விழுந்திருந்தால் ஏர்போர்ட் டிசைன் எடிட்டரில் உயரத்தைத் திருத்தலாம். அது தரும் ஃபைல்களில் ‘ஏஎல்டி’ (ALT) என்று முடிவதை மட்டும் சீனரி, வேர்ல்ட், சீனரி என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள். மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் வேலை செய்யாது: நிலையத்தின் உயரத்தை எஃப்எஸ்எக்ஸ் எடுப்பது முன்னுரிமை மிகக் குறைந்த அடுக்கிலிருந்து. மற்ற விமானங்கள் தரையில் புதைந்தோ மிதந்தோ நின்றால் பெரும்பாலும் இந்த ஃபைல்தான் இடம் மாறியிருக்கும்.

கேள்வி: கிட்டப் போகப் போக மலை கண்ணெதிரே வளர்கிறது. எல்ஓடி ரேடியஸைக் கூட்டலாமா?

பதில்: கூட்டலாம், அளவோடு. விமானத்தைச் சுற்றி எவ்வளவு தூரம்வரை நிலத்தை நுட்பமாக வரைவது என்பதுதான் இந்த ஆரம். மெனுவில் அதிகபட்சம் 4.5. கான்ஃபிக் ஃபைலில் கையால் 6.5 என்று எழுதினால் தூரத்து மலையும் முன்கூட்டியே வடிவம் பெறும். ஆனால் ஆரம் கூடினால் பரப்பு வர்க்கத்தில் கூடும்; 4.5-லிருந்து 6.5 என்பது இரண்டு மடங்குக்கும் சற்று மேல். எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் மென்பொருள். உங்கள் கணினியில் எத்தனை ராம் இருந்தாலும் அதற்குக் கிடைப்பது 4 ஜிபி முகவரி வெளிதான். நீண்ட பயணத்தின் கடைசியில், பெரிய நிலையத்தில் இறங்கும்போது மெமரி தீர்ந்துபோய் நின்றுவிடுவது இதனால்தான். மேலும், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எதையாவது மாற்றி ஓகே கொடுத்தால் எண் பழையபடி 4.5 ஆகிவிடும். இந்த 4 ஜிபி சங்கடம் இல்லாமல் பறக்க விரும்பினால் எஃப்எஸ்எக்ஸ் வழிவந்த சிமுலேட்டரான பிரிபேர்டு (Prepar3D) பக்கம் போகலாம்: 64 பிட்டுக்கு மாறிய பதிப்பு 4 அல்லது அதற்குப் பிந்தியது.

கேள்வி: எஃப்எஸ்எக்ஸுக்குச் சீனரி செய்வோருக்கான எஸ்டிகே கருவித் தொகுப்பில் உள்ள ரீசாம்பிள் கருவியில் நானே மெஷ் செய்தேன். மலைச்சரிவில் அடியில்லாத கிணறுகள் வந்துவிட்டன.

பதில்: செங்குத்தான சரிவுகளில் ரேடாருக்கு எதிரொலி கிடைக்காத இடங்களை எஸ்ஆர்டிஎம் மூலத்தில் -32768 என்று குறித்திருப்பார்கள். கருவிக்குக் கட்டளை எழுதும் ஐஎன்எஃப் ஃபைலில் நீங்கள் ‘நல் வேல்யூ’ (வெற்றிடக் குறி) வரி எழுதாததால் கருவி அதையும் உயரம் என்றே நம்பிவிட்டது. அந்த வரியில் -32768 கொடுங்கள். ஓட்டை வழியாகக் கீழுள்ள பழைய மெஷ் தெரியும். ஓரத்தில் படிக்கட்டு போலத் தெரிந்தால், ஓட்டை அடைத்த தரவைத் தேடி எடுப்பது உத்தமம். ‘பிக்சல் இஸ் பாயிண்ட்’ என்பதற்கு 1 கொடுக்கவும் மறக்காதீர்கள். இல்லையேல் மொத்த மலையும் அரைக் கட்டம் நகர்ந்து, ஆறு கரையேறி ஓடும். மூலம் யுடிஎம் ப்ரொஜெக்ஷனில் (மீட்டரில் அளக்கும் வரைபட முறை) இருந்தால் முதலில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் டபிள்யூஜிஎஸ் 84 அட்ச-தீர்க்கரேகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸ்-பிளேனில் எச்டி மெஷ் போட்டதும் விமான நிலையக் கட்டடங்கள் மொத்தமும் காணோம்!

பதில்: எஃப்எஸ்எக்ஸ் பழக்கம் இங்கே உதவாது. எக்ஸ்-பிளேனில் ஒரு டிகிரி சதுரத்துக்கு ஒரே அடித்தள மெஷ்தான். பட்டியலில் அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் அது மூடிவிடும். புதிதாகப் போட்ட ஃபோல்டரை ‘சீனரி பேக்ஸ்’ ஐஎன்ஐ ஃபைலின் உச்சியில் எக்ஸ்-பிளேன் எழுதிவிட்டது, அவ்வளவுதான். எக்ஸ்-பிளேனை மூடிவிட்டு நோட்பேடில் அந்த ஃபைலைத் திறங்கள். வாங்கிய நிலையங்கள், அதற்குக் கீழே குளோபல் ஏர்போர்ட்ஸ், பிறகு ஓவர்லே (மெஷ்ஷின் மேல் விரியும் சாலை, மரம் போன்றவை), எல்லாவற்றுக்கும் அடியில் மெஷ். மெஷ் ஃபோல்டரின் பெயர் ‘இசட்’டில் தொடங்குவதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்; அகரவரிசை எடுபடுவது அந்த ஃபைலை அழித்துப் புதிதாக உருவாக்கும்போது மட்டுமே.