தொட்டுப் பார்க்க ஒரு கல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பார்வையற்ற என் தம்பியை அண்மையில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பெட்டிக்குப் பெட்டி க்யூஆர் கோடு, வாசலில் பெரிய தொடுதிரை. தம்பி ஒரு தூணில் கை வைத்ததும் காவலர் "தொடாதீங்க சார்" என்று ஓடிவந்தார். கொஞ்ச நேரத்திலேயே "போலாம்க்கா" என்றுவிட்டான். நல்ல ஆப் ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

ஆப் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தக் கோடு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதே கண் தெரியாதவருக்குத் தெரியாதே! யாராவது போனைப் பிடித்துக் காட்டினாலும், திறப்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது வெறும் படம். வாயே திறக்காது. பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றியிருந்தால் இன்னும் மோசம், ஆங்கில எழுத்துகளாக உளறிக்கொட்டும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றப் பெரிய செலவில்லை. செய்தவர் ஒருமுறை காதால் கேட்டிருந்தாலே போதும்.

சரி, கண் தெரிகிறவர்களுக்கு மட்டும் என்ன கிடைக்கிறது? 'நடுகல், பல்லவர் காலம், 7ஆம் நூற்றாண்டு' என்று ஓர் அட்டை. சக்கர நாற்காலியில் வருபவர் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் அதுவும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லும் இதே வகைதான், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளுக்காக நடந்த பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். கூடவே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. நாய்க்குப் பெயர் உண்டு என்று தெரிந்த குழந்தை அந்தக் கல்லை விட்டு நகருமா? இப்படிப்பட்ட கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோட்டோவியம் வேண்டும். வீரன் எங்கே, நாய் எங்கே, தேய்ந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கறுப்புக் கோட்டில் காட்டினால், தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் பாதி புரிந்துவிடும்.

காவலரைக் குறை சொல்லமாட்டேன். கை வியர்வையின் உப்பு செப்புத் திருமேனியை அரிக்கும், கல்லிலும் பிசுக்கு ஏறும். டிஜிட்டலுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களைக் கணினியில் இணைத்தால் முப்பரிமாண வடிவம் கிடைக்கிறது. அதை அச்சிட்டு மேஜையில் வைத்தால் யாரும் தடவிப் பார்க்கலாம். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் 'அனுபவ்' என்ற பெயரில் தொட்டுணரும் கூடத்தைத் திறந்தது. பிரதிகள், பிரெய்ல் குறிப்பு, ஒலி விளக்கம் எல்லாம் உண்டு. அதே ஆண்டு ஸ்பெயினின் மாட்ரிட்டில் உள்ள பிராடோ அருங்காட்சியகம் ஆறு ஓவியங்களைப் புடைப்பாகச் செய்து கைகளுக்குக் கொடுத்தது. தட்டையான ஓவியத்துக்கே அவர்கள் மேடுபள்ளம் உண்டாக்க வேண்டியிருந்தது. நம் நடுகற்களுக்கு அந்தச் சிரமம்கூடக் கிடையாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை அவர்களுக்கு எட்டச் செய்வதை அரசின் கடமையாகவே சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு அந்த அருங்காட்சியகத்தின் காப்பாட்சியருக்கு எழுதுங்கள். தொட ஒரு பிரதி, கேட்க யூனிகோடில் ஒரு பக்கம், முதலில் இவ்வளவு போதும் என்று கேளுங்கள். செய்தால் சோதித்துப் பார்க்கத் தம்பி வருவான் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.