மின்ட்டில டி டிரைவ் வாசிக்க மட்டும் திறக்குது: பதில்

நீங்கள் கேட்டது: ஒரே கம்ப்யூட்டரில விண்டோஸ் 10உம் லினக்ஸ் மின்ட் எண்ட இன்னொரு இயங்குதளமும் இருக்கு, மின்ட்டில டி டிரைவில உள்ள படங்கள் திறக்குது, ஆனா ஒண்டும் சேமிக்க ஏலாது, டிஸ்க் பழுதோ எண்டு. டிஸ்க் பழுதில்லை. விண்டோஸ் 10 அந்த டி டிரைவை இன்னும் விடேல்லை. அதாலதான் படங்கள் திறக்குது, சேமிக்க ஏலாமக் கிடக்கு.

பெரும்பாலும் விண்டோசைக் கெதியாத் தொடங்க வைக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எண்ட அமைப்புத்தான் காரணம். ஷட் டவுன் குடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்திலதான் கிடக்கும். ரீஸ்டார்ட்டில அப்பிடியில்லை. அதால விண்டோசில ரீஸ்டார்ட் குடுத்து நேர மின்ட்டுக்குள்ள போங்கோ. எழுத முடிஞ்சா காரணம் உறுதி.

பிறகு கொன்ட்ரோல் பனல், பவர் ஒப்ஷன்ஸ், பவர் பட்டன் அமைப்புக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்குப் பக்கத்தில உள்ள சரி அடையாளத்தை எடுங்கோ. பெட்டி மங்கலாக் கிடந்தா முதல்ல மேல உள்ள நீல வரியை அமத்தோணும்.

அப்பவும் சரிவரேல்லையெண்டா, உங்கட கிளிநொச்சிப் பக்கம் கரண்ட் நிண்டு மெஷின் இடையில நிண்டிருக்கலாம். விண்டோசிலயே டி டிரைவுக்கு வலது கிளிக், ப்ரொபர்டீஸ், டூல்ஸ், செக் எண்டு போய் பிழை இருக்கோ எண்டு பாருங்கோ.

மின்ட்டில இருந்து ஹைபர்னேற் கோப்பை (விண்டோஸ் தூங்கேக்க தன்ர நிலைமையைச் சேமிச்சு வைக்கிற கோப்பு) அழிச்சுத் திறக்கச் சொல்லுவினம், செய்யாதேங்கோ; விண்டோசில சேமிக்காத வேலை போயிடும்.