மாட்டுச் சந்தை விலை: கேள்வி-பதில்

கே: கறவை மாடு இப்போது என்ன விலைக்குப் போகிறது? (திருச்செங்கோடு)

என்ன இனம், எத்தனையாவது ஈத்து (அதாவது எத்தனையாவது கன்று), வயதைச் சொல்லும் பல் எத்தனை, நாளைக்கு எத்தனை லிட்டர், இதில் ஒன்றைக்கூட எழுதாமல் விலையை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? மாதா மாதம் இதையே எழுதுகிறேன். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் முப்பத்தைந்தாயிரத்துக்கும் மாடு உண்டு, எண்பதாயிரத்துக்கும் உண்டு. கலப்பினம் என்றால் நாளைக்குக் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஐயாயிரம், ஆறாயிரம் என்று நான் போட்டுப் பார்ப்பேன். நாலாம் ஈத்து தாண்டியிருந்தால் அதிலும் குறைத்துக் கேளுங்கள்.

கே: பால் கொள்முதல் விலை ஏறினால் மாட்டு விலையும் ஏறுமா? (சங்ககிரி)

ஏறும். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகையாக இன்னும் 3 ரூபாய் வந்தது. பத்து லிட்டர் மாட்டுக்கு மூன்று ரூபாய் என்றால் மாதம் 900. விற்கிறவர் அதை அடுத்த சந்தையிலேயே விலையில் ஏற்றிவிடுவார். ஆனால் விலையை அதைவிட அதிகம் ஆட்டுவது தீவனம்தான். சித்திரையில் சோளத்தட்டு தீர்ந்ததும் விற்க வருகிறவர்கள் கூட்டம். ஐப்பசி மழையில் புல் தலைகாட்டியதும் வாங்க வருகிறவர்கள் கூட்டம். கையில் தட்டுப்போர் இருக்கிறவர் கோடையில் வாங்கலாம்.

கே: தேர்தல் நேரத்தில் சந்தை ஏன் படுத்துவிடுகிறது? (பவானி)

சந்தை இன்னும் ரொக்கத்தில்தான் நடக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டுவந்தால் பறக்கும் படை பிடித்துவிடும். அதனால் கேரளா, கர்நாடகா, மகாராஷ்டிரா வியாபாரிகள் வருவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போதும் இதுதான் நடந்தது. உள்ளூரில் வாங்குகிறவருக்கு அது நல்ல நேரம்.

கே: பன்னிரண்டு லிட்டர் என்று சொல்லிக் கொடுத்த மாடு வீட்டில் ஏழுதான் கறக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (பெருந்துறை)

கறந்து பார்த்து வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மடியைப் பார்த்து மயங்கி வாங்கியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

பாலைக் கட்டி ஓட்டி வருகிற பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. முதல் நாள் சாயங்காலமே கறப்பதை நிறுத்திவிடுவார்கள். கன்றையும் ஊட்ட விடமாட்டார்கள். விடியற்காலை சந்தையில் பார்த்தால் மடி கல்லாக இறுகி, காம்பு நாலும் நாலு பக்கம் விறைத்து நிற்கும். ஒரு சந்தையில் தலையீத்து மாடு ஒன்றைப் பார்த்தேன். பின்னங்கால்களை அகட்டி வைத்து நின்றது, படுக்க முடியவில்லை. பால் சொட்டிச் சொட்டிக் காலடி மண் வெள்ளையாகக் கிடந்தது. வாயில் சாக்குத்துணி கட்டிய கன்று அந்த ஈர மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் "மடியப் பாருங்க, மடியப் பாருங்க" என்றார்கள். வாங்கிப் போனவர் நாலாம் நாள் என்னிடம் வந்தார். மடிநோய். ஒரு காம்பு போயே போய்விட்டது.

அதனால் திரும்பவும் சொல்கிறேன். முதல் கறவையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது கட்டி வைத்த பால். விற்கிறவர் தொழுவத்துக்கே போய், ஒட்டக் கறந்துவிட்டு, அதற்கடுத்த இரண்டு வேளைக் கறவையை அளந்து பாருங்கள். சந்தையில்தான் வாங்க வேண்டும் என்றால், வீட்டில் கறந்து பார்த்த பிறகு மீதிப் பணம் என்று தரகரிடம் சாட்சி வைத்துப் பேசுங்கள். முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டு, மடிநோய்க்கு அடையாளமாகத் திரிதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கன்றை அவிழ்த்துவிடுங்கள். தன் கன்றாக இருந்தால் மாடு முகர்ந்து நக்கும், இரவல் கன்றாக இருந்தால் உதைக்கும்.

உங்கள் மாட்டை உடனே விற்றுவிடாதீர்கள். வண்டியில் வந்த அலுப்பிலும் இடம் மாறியதிலும் நல்ல மாடும் ஒரு வாரம் பால் குறைக்கும். பழைய இடத்தில் என்ன தீவனம் போட்டார்கள் என்று கேட்டு அதையே பத்து நாள் போடுங்கள். ஒன்பது லிட்டர் வரை ஏறலாம். பன்னிரண்டை மறந்துவிடுங்கள்.

கே: சுழி (உடம்பில் முடி சுழித்திருக்கும் இடம்) சரியில்லை என்று விலையைக் குறைத்துக் கேட்கலாமா? (அந்தியூர்)

கேட்கலாம், குறைப்பார்கள். நீங்கள் விற்கப் போகும்போது உங்களிடமும் அதே சுழியைச் சொல்லிக் குறைப்பார்கள். பாலுக்கும் சுழிக்கும் சம்பந்தமில்லை. பல்லையும் மடியையும் பாருங்கள்.

கே: ஜல்லிக்கட்டால் காங்கயம் காளை விலை ஏறிவிட்டதா? (தாராபுரம்)

ஜல்லிக்கட்டுக்குப் பேர்போனது புலிக்குளம் இனம். காங்கயத்துக்கு ரேக்ளா பந்தயமும் வண்டியும்தான் பிரதானம். ஆனாலும் 2014 தடை எல்லா நாட்டுக் காளைகளையும் அடித்தது. 2017 சட்டமும், அது செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வளர்க்கிறவர்களுக்குத் தெம்பு கொடுத்தன. பழையகோட்டை மாட்டுத்தாவணிச் சந்தையிலும் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் ஒருமுறை சுற்றி வாருங்கள். வண்டிக்குப் பழகிய மயிலை (சாம்பல் வெள்ளை நிற) காளைச் சோடிக்கு லட்சத்துக்கு மேல்தான் பேச்சே தொடங்கும்.

கே: சந்தையில் வாங்கிய மாட்டை எத்தனை நாள் தனியாகக் கட்ட வேண்டும்? (வெள்ளகோவில்)

குறைந்தது இரண்டு வாரம். கோமாரியும் தோல் கழலை நோயும் சந்தை வழியாகத்தான் பல தொழுவங்களுக்குள் வந்தன. மாட்டின் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் 12 இலக்க எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றி, காப்பீடும் செய்துவிடுங்கள்.

கே: மாட்டை விற்க எந்த மாதம் நல்லது? (கோபி)

மழைக்குப் பிறகு, கன்று போட்டு இருபது நாள் ஆனதும். சந்தைக்குக் கிளம்பும் அன்று கன்றை ஊட்டவிட்டு, பாலைக் கறந்துவிட்டு ஓட்டிப் போங்கள்.