அப்பாவின் நோட்டில் ஒரு கப்பல்

வணக்கம் ஐயா,

அப்பா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வந்துபோன கப்பல்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் ஒன்று ‘ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன் பிவிசி’. தேடிப் பார்த்தால், 1971 போரில் பரம்வீர் சக்கரம் (சுருக்கமாக பிவிசி) பெற்ற விமானியாம். அந்தச் சண்டையில் விழுந்தது அவருடைய விமானம்தானே? அதற்கு ஏன் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருது?

ஒரு வாசகி, காசிமேடு

அன்புள்ள சகோதரிக்கு,

1980களில் இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டியது. மணலி ஆலைக்கான கச்சா எண்ணெய் நம் துறைமுகத்தில்தான் இறங்குகிறது. அப்பா எழுதியது அந்த வரிசையில் ஒரு கப்பல்.

சரி, உங்கள் கேள்வி. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் தாக்கின. அங்கே காவலுக்கு இருந்தவை 18ஆவது ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள், பெங்களூரில் தயாரான சின்னஞ்சிறு ரகம். 1948 உடன்பாட்டின் காரணமாக அந்தப் போர் வரை காஷ்மீரில் காவல் விமானங்களை நிறுத்தியதில்லை. அதனால் அந்த மலையும் குளிரும் சேகோனுக்குப் புதிது.

தரையிலிருந்து கிளம்பும் நேரத்தில் விமானத்துக்கு வேகமும் இருக்காது, உயரமும் இருக்காது. திரும்பித் தப்பவும் முடியாது. மேலே இருப்பவனுக்கு அதைவிட எளிய இலக்கு இல்லை. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதுதான் சேகோன் கிளம்பினார். முன்னால் எழுந்த தலைமை விமானி அவரைப் பார்வையிலிருந்து தவறவிட, சண்டை முழுக்கத் தனியாள். ஒரு சேபரைச் சுட்டுத் தாக்கினார், இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார் என்கிறது விருதுக் குறிப்பு. மற்ற சேபர்கள் சூழ்ந்துகொண்டன. அவருடைய நாட் மலையில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

சேபர்களுக்கு நேர்ந்த சேதத்தில் இரு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. அதனால் விருதின் காரணம் மாறிவிடாது. குண்டு விழும் பாதையில் விமானத்தைக் கிளப்பினாரே, ஒற்றை ஆளாக நின்று சண்டையை விடாமல் தொடர்ந்தாரே, அதற்குத்தான் அது. இதுவரை 21 பேர் பெற்ற அந்த விருதில் விமானப்படைக்காரர் இவர் ஒருவர்தான். வெண்கலப் பதக்கம், ஊதா நாடா, சுற்றிலும் இந்திரனின் நான்கு வஜ்ராயுதங்கள். வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர் என்ற பெண்மணி.

பெயரோடு ‘பிவிசி’யையும் விடாமல் எழுதிய உங்கள் அப்பாவை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த வரிசையில் வேறு பெயர்களும் நோட்டில் இருக்கக்கூடும். பார்த்து எழுதுங்கள், ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்கிறேன்.